டெத் ஸ்பைரல்: நான்கு வகைகளில் எதை முதலில் கற்பது?

ஜோடிப் பனிச்சறுக்கில் ஒருவர் மையத்தில் டோ பிக்கை (சறுக்குக் காலணிக் கத்தியின் முன்முனையில் உள்ள பற்களை) ஊன்றி, முழங்கால்களை ஆழமாக மடித்து, ஒரு கையை முழுமையாக நீட்டிப் பிடித்திருக்க, மற்றவர் ஒற்றைக் காலின் கத்தி விளிம்பில் பனித்தரையை ஒட்டிச் சாய்ந்தபடி அவரைச் சுற்றி வருவதே டெத் ஸ்பைரல். சுற்றி வருபவரின் கத்தி முன்னோக்கி ஓடுகிறதா பின்னோக்கி ஓடுகிறதா, மற்றக் காலின் பக்கமுள்ள உள்விளிம்பில் ஓடுகிறதா அதற்கு எதிர்ப்புறமுள்ள வெளிவிளிம்பில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து இதில் நான்கு வகைகள் உள்ளன. பார்வையாளர் மனத்தில் பதிந்திருப்பது பின் வெளிவிளிம்பு வகைதான். அதையே முதலில் பயில வேண்டும் என்று விரும்பும் ஜோடிகள் பலர். முன் உள்விளிம்பிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் ‘அது எளிது’ என்ற காரணம் மட்டும் போதாது.

பின் வெளிவிளிம்பு வகையே வரலாற்றில் மூத்தது. பெர்லினில் பிறந்த சார்லட் ஓல்ஷ்லேகல், தம் கணவர் குர்ட் நாய்மானுடன் 1928இல் புடாபெஸ்டில் இதை முதன்முதலில் செய்து காட்டியவராகக் குறிப்பிடப்படுகிறார். இன்று நாம் காணும் ஒற்றைக் கைப் பிடியைப் போட்டிக் களத்துக்குக் கொண்டுவந்த பெருமை, 1948 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கனடா ஜோடியான சுசான் மொரோ, வாலஸ் டீஸ்டல்மேயர் ஆகியோருக்குத் தரப்படுகிறது. மற்ற மூன்று வகைகளையும் உருவாக்கியவர்கள் 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற சோவியத் ஜோடியான லியுட்மிலா பெலொசோவாவும் ஒலெக் புரோத்தபோபோவும் ஆவர். பிறந்த வரிசையே கற்கும் வரிசையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த நான்கு வகைகளும் நல்ல சான்று.

முன் உள்விளிம்பு, பின் வெளிவிளிம்பு ஆகிய இரண்டு முதன்மைத் தேர்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வேறுபாடு விழும் நொடியில்தான் தெளிவாகத் தெரிகிறது. உள்விளிம்பில் செல்பவரின் உடல், பனியைத் தொடாமல் தூக்கி நிற்கும் காலின் பக்கமாகச் சாய்கிறது. விளிம்பு நழுவினால் அந்தக் காலையே கீழே வைத்துத் தம்மைத் தாங்கிக்கொள்ளலாம். வெளிவிளிம்பில் உடல் சாய்வது சறுக்கும் காலின் பக்கம் என்பதால், காப்பாற்ற வேண்டிய கால் எதிர்ப்புறத்தில் சிக்கிக்கொள்கிறது. இதனுடன் பின்னோக்கிய ஓட்டமும், முதுகை வில்லாக வளைத்துத் தலையைப் பின்னே சரிய விடுவதும் சேரும்போது, போகும் திசையும் தெரியாமல், தரை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் தெரியாமல் பயில வேண்டியிருக்கிறது. அச்சத்தில் இடுப்பை மடித்து நாற்காலியில் அமர்வதுபோல் உட்கார்ந்துவிடுவது இங்கு மிகப் பொதுவான பிழை. அப்படி உட்கார்ந்த கணமே எடை கத்தியை விட்டு விலகி, விளிம்பு பிடியை இழக்கிறது. முன் உள்விளிம்பிலும் இப்பிழை வரும். ஆனால், குறைந்தபட்சம் நுழையும்போது வழியைக் கண்ணால் பார்க்க முடிவதால், உடல் இறுகுவதற்கு முன்பே அதைத் திருத்திக்கொள்ள இடம் கிடைக்கிறது.

மையத்தில் நிற்பவரின் பணியைப் பலரும் குறைவாகவே எடைபோடுகிறார்கள். அவருடைய டோ பிக் கவராயத்தின் ஊசிமுனைபோல் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும்; அது நகர்ந்தால் வட்டம் கலைந்து, சுற்றி வருபவரின் விளிம்பும் கலையும். அவர் தாழ்ந்து அமராமல் முதுகை மட்டும் வளைத்தால் தோள் உயரத்திலேயே தங்கிவிடும். மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு துணிந்தவராக இருந்தாலும் தலை பனியை நெருங்காது. வட்டத்தின் அளவு மாறாமல் வேகம் இரு மடங்கானால், இருவரின் கைகளும் தாங்க வேண்டிய இழுவிசை நான்கு மடங்காகிறது என்பதையும் இங்கு கருத வேண்டும். எனவே மிதமான வேகத்தில் ஊன்றலை உறுதிப்படுத்திக்கொள்ள இடம் தரும் வகையை முதலில் எடுப்பது, மையத்தில் நிற்பவரின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் செய்யும் நன்மை.

பின் உள்விளிம்பை நான் இரண்டாவதாக வைப்பேன். காப்புக் கால் சரியான பக்கத்தில் இருக்கும் வசதியை விட்டுவிடாமலே பின்னோக்கிய ஓட்டத்துக்குப் பழக்குவதால், பின் வெளிவிளிம்புக்குப் போகும் வழியில் இது ஒரு நேர்மையான படி. முன் வெளிவிளிம்பை இறுதிவரை ஒத்திவைக்கலாம். அதன் நுழைவை இருவரும் ஒரே நேரத்தில் துல்லியமாகப் பொருத்துவது கடினம், அந்தத் துல்லியம் மற்ற வகைகளில் உழைத்த பின்னரே வருகிறது.

மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்வு செய்பவர்களுக்கு வெளிவிளிம்பு வகைகள் கவர்ச்சியாகத் தோன்றும். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் மதிப்புப் பட்டியலில் அவற்றுக்கே அடிப்படை மதிப்பு அதிகம். ஆனால் மையத்தில் நிற்பவர் முழுமையான ஊன்றல் நிலையில் குறைந்தது ஒரு சுற்றாவது முடிக்க வேண்டும் என்ற விதி எல்லா வகைகளுக்கும் பொது. சுற்றி வருபவர் கையையோ உடலையோ பனியில் ஊன்றித் தமக்கு உதவிக்கொள்ளவும் கூடாது. தடுமாறிச் செய்த வெளிவிளிம்பைவிடத் தூய்மையாகச் செய்த உள்விளிம்பே நடுவர்களிடம் நன்றாக நிற்கும். மேலும், போட்டியின் இரு பகுதிகளுள் குறும் நிகழ்ச்சியில் எந்த வகையைச் செய்ய வேண்டும் என்பதைச் சங்கமே பருவந்தோறும் அறிவிக்கிறது. நெடு நிகழ்ச்சியில் அதிலிருந்து வேறுபட்ட ஒன்றைக் காட்ட வேண்டும். ஆகவே ஒரே வகையில் மட்டும் தேர்ச்சி பெற்ற ஜோடி மேல்நிலைப் போட்டிகளில் நெடுநாள் தாக்குப்பிடிக்க இயலாது.

எந்த வகையானாலும், சுற்றி வருபவர் நிமிர்ந்த நிலையிலேயே விளிம்பில் ஓட, மற்றவர் ஊன்றிச் சுழலும் பயிற்சியிலிருந்து தொடங்கி, உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே பாதுகாப்பான முறை. தலைக்கவசத்தையும் இடுப்புக்கான பஞ்சுப் பட்டைகளையும் இந்தப் பயிற்சிக் கட்டத்தில் தவிர்க்க வேண்டாம். எழும் முறையையும் தாழும் முறையுடன் சேர்த்தே பயில வேண்டும்: சறுக்கும் முழங்காலை மடித்து எடையைக் கத்தியின் மேல் கொண்டுவந்த பிறகே கை இழுக்க வேண்டும்; கை முந்தினால் தோள் மூட்டு முழுச் சுமையையும் ஏற்கும். முன் உள்விளிம்பில் இந்த எழுச்சி அவசரமில்லாமல், ஊன்றல் நகராமல், இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவைப்படாமல் தொடர்ந்து நிகழத் தொடங்கிய பின்னர் பின் வெளிவிளிம்பைத் தொடும் ஜோடிக்கு, அங்கே புதிதாகக் கற்க எஞ்சியிருப்பது முதுகின் வளைவும் பார்க்காமல் நம்பும் துணிவும் மட்டுமே.