ஃபவுண்டேசன் வருடத்தோடு சோஷியல் வேர்க் டிகிரி என்று யாராவது சொன்னால், கையெழுத்து வைக்க முதல் இதை வாசியுங்கள்

இங்கிலாந்தில் கெயார் ஹோமிலும் வீட்டுப் பராமரிப்பு வேலையிலும் நிற்கிற எங்கள் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "தகுதி ஒன்றும் தேவையில்லை, ஃபவுண்டேசன் வருடத்தோடு சோஷியல் வேர்க் டிகிரி, வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும், லோனும் கிடைக்கும்" என்று உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் முழுதாக வாசியுங்கள். ஃபவுண்டேசன் வருடம் என்றால் டிகிரி தொடங்க முதல் படிக்கிற ஆயத்த வருடம்.

என்னைச் சேர்த்தது ஒரு ஏஜென்ட். தமிழ்ப் பொடியன், நல்ல மரியாதையான கதை, அக்கா என்று சொல்லாமல் வாய் திறக்க மாட்டார். படித்து முடிய நான் சோஷியல் வேர்க்கர் ஆகலாமா என்று நேராகவே கேட்டேன். "ஓமக்கா, நாலு வருஷம், முடிச்ச உடன கவுன்சில்ல வேலை" என்று பதில் வந்தது. ஆஃபர் கடிதத்தில் ஹெல்த் அண்ட் சோஷியல் கெயார் என்று இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கேட்டேன். "ரெண்டும் ஒண்டுதான் அக்கா, யூனி வச்சிருக்கிற பேர் அப்பிடி, யோசிக்காதேங்கோ."

ஒன்றே இல்லை. இங்கிலாந்தில் சோஷியல் வேர்க்கர் என்ற பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ளது, சோஷியல் வேர்க் இங்லண்ட் என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிந்தவர்கள் மட்டும்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். இங்கே படித்துவிட்டுப் பதிய வேண்டுமென்றால் அவர்கள் அங்கீகரித்த கோர்ஸாக இருக்க வேண்டும். அதில் மொத்தம் 200 நாள் நடைமுறைப் பயிற்சி கட்டாயம், 30 நாள் வரை திறன் வகுப்பாகக் கழியலாம், மிச்சமெல்லாம் உண்மையான இடங்களில், உண்மையான ஆட்களோடு. ஹெல்த் அண்ட் சோஷியல் கெயார் டிகிரி உதவாத டிகிரி என்று நான் சொல்ல வரவில்லை, கெயார் துறையில் மேலே போக அது உதவும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பதிய முடியாது. அதன்பிறகு சோஷியல் வேர்க் மாஸ்டர்ஸ் என்று இன்னும் இரண்டு வருடம் தனியாகப் படிக்க வேண்டும், அதற்கும் போட்டி, அதற்கும் செலவு.

இது எனக்கு விளங்கியது கல்லூரியால் அல்ல. எங்கள் ஹோமில் ஒரு அம்மாவின் ரிவ்யூ மீட்டிங்குக்கு வந்த சோஷியல் வேர்க்கரோடு தேத்தண்ணி போடும்போது கதைத்துக்கொண்டிருந்தேன். நானும் படிக்கிறேன் என்றதும் அவருக்குச் சந்தோசம், பிளேஸ்மென்ட், அதாவது அந்த நடைமுறைப் பயிற்சி, எங்கே போடப்போகிறார்கள் என்று கேட்டார். பிளேஸ்மென்ட் பற்றி வகுப்பில் யாரும் மூச்சே விடவில்லையே என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை எடுத்து அங்கீகரித்த கோர்ஸ் பட்டியலைத் திறந்து, என் கல்லூரியின் பெயரைத் தேடினார், பிறகு சான்றிதழ் தருகிற யூனியின் பெயரைத் தேடினார். யூனி இருந்தது, அவர்களுடைய சொந்த வளாகத்தில் நடக்கிற சோஷியல் வேர்க் கோர்ஸ் இருந்தது. நான் படிக்கிறது அதில் இல்லை.

இந்தக் கூட்டு ஏற்பாட்டில்தான் முடிச்சு இருக்கிறது. படிப்பிப்பது ஒரு தனியார் கல்லூரி, சான்றிதழில் வருவது யூனியின் பெயர், ஆள் பிடிப்பது கமிஷன் வாங்குகிற ஏஜென்ட். இப்படியான கல்லூரிகளில் நடக்கிற மாணவர் கடன் முறைகேடுகளைப் பற்றித் தேசிய தணிக்கை அலுவலகமே 2024 ஜனவரியில் அறிக்கை விட்டது. கல்லூரியில் போய்க் கேட்டபோது, நாங்கள் எங்கேயும் சோஷியல் வேர்க் என்று எழுதவில்லை, ஏஜென்ட் வெளி ஆள் என்று கையை விரித்துவிட்டார்கள். ஏஜென்டுக்கு அனுப்பிய மெசேஜுகளில் நீல டிக் மட்டும் விழுகிறது. அக்கா எல்லாம் காற்றில் போய்விட்டது.

காசுக் கணக்கு இதைவிட மோசம். என் ஃபவுண்டேசன் வருடத்துக்கு 9,250 பவுண்ட் கட்டணம், அதற்கு மேல் வாழ்க்கைச் செலவு லோன். (2025-26இலிருந்து வகுப்பறைப் பாட ஃபவுண்டேசன் வருடத்துக்கு உச்சவரம்பு 5,760 பவுண்ட், அதைவிடக் கூடக் கேட்டால் ஏனென்று கேளுங்கள்.) 2023 ஓகஸ்டுக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு 40 வருடம் வரை இந்தக் கடன் தொடரும். கட்டண லோனுக்குப் பொதுவாக கோர்ஸின் நீளமும் கூட ஒரு வருடமும்தான் உரிமை, முன்பு படித்த வருடங்களை அதில் கழிப்பார்கள். ஒரு வருடத்தோடு விலகி மூன்று வருட கோர்ஸில் சேர்ந்தால் தப்பலாம். இரண்டு வருடம் படித்துவிட்டு மாறினால் புதுக் கோர்ஸின் முதல் வருடத்தைக் கைக்காசில் கட்ட வேண்டி வரும். சேர்ந்த வருடத்திலேயே நிற்பாட்டுவதென்றாலும் கெதியாக முடிவெடுங்கள், கட்டணம் முதல் இரண்டு தவணைகளில் 25, 25 வீதம், மூன்றாவதில் 50 வீதம் என்று கல்லூரிக்குப் போகிறது.

சரி, உண்மையான சோஷியல் வேர்க் ஃபவுண்டேசன் வருடம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதிலும் ஃபவுண்டேசன் பாஸ் என்றால் முதலாம் வருடம் நிச்சயம் என்று எடுக்காதீர்கள். குறிப்பிட்ட புள்ளி, இன்டர்வியூ, எழுத்துப் பரீட்சை, விரிவான டி.பி.எஸ். (குற்றப் பதிவுச் சோதனை), உடல்நலச் சோதனை என்று பல வாசல்கள் இருக்கும், பல இடங்களில் ஆங்கிலமும் கணிதமும் ஜி.சி.எஸ்.இ. (எங்கள் ஓ.எல். போன்ற பள்ளிப் பரீட்சை) 4ஆம் தரத்தில் கேட்பார்கள். நான் மாறிப்போகக் கேட்ட யூனி என் ஃபவுண்டேசன் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை, முதல் கேள்வியே கணிதம் எங்கே என்பதுதான். எங்கள் பொடியன் "தகுதி தேவையில்லை" என்று சொன்னது ஹெல்த் அண்ட் சோஷியல் கெயாருக்கு. சோஷியல் வேர்க்குக்கு அல்ல.

ஆகவே, கோர்ஸின் முழுப்பெயரையும் படிப்பிக்கிற இடத்தையும் வைத்துச் சோஷியல் வேர்க் இங்லண்ட் தளத்தில் நீங்களே தேடுங்கள், ஏஜென்ட் அனுப்புகிற ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். ஃபவுண்டேசனிலிருந்து முதலாம் வருடம் போக என்னென்ன நிபந்தனை என்று யூனியிடமிருந்தே ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். பக்கத்தில் உள்ள கொலிஜில் அக்சஸ் டிப்ளோமா (வளர்ந்தவர்கள் டிகிரிக்குப் போக எடுக்கிற தகுதிப் படிப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் ஒரு வருடம்தான், அதற்கு எடுக்கிற அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் பிறகு டிகிரியை முடித்தால் தள்ளுபடி. என்னிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் கமிஷன் எப்படி வரும்?

ஏற்கெனவே மாட்டியவர்கள் முதலில் கல்லூரியிலும் யூனியிலும் எழுத்தில் முறைப்பாடு போடுங்கள், நடைமுறை முடிந்ததென்று அவர்கள் தருகிற கடிதத்தை வைத்து 12 மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ.வுக்கு (மாணவர் முறைப்பாடுகளை விசாரிக்கிற சுயாதீன அமைப்பு) போகலாம், காசு கேட்க மாட்டார்கள். என் முறைப்பாடு இன்னும் யூனியில் கிடக்கிறது. மாலையில் கணித வகுப்புக்குப் போகிறேன், அந்தத் தரம் இல்லாத வளர்ந்தவர்களுக்கு அது இலவசம். ஏஜென்டோடு கதைத்த வாட்ஸ்அப்பை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், குரல் மெசேஜுகளையும் சேர்த்து எடுத்து வையுங்கள், ஓ.ஐ.ஏ.வுக்குக் காட்ட என்னிடம் இருக்கிற சாட்சியும் அதுதான்.