5 சென்ட் மனையும் 20 மீட்டர் கம்பியும்: டைப்போலா, எண்ட் ஃபெட்டா?

புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஆன்டெனாவைப் பற்றித்தான். கூடவே "நம்ம மனையில இடம் பத்தாதே" என்ற கவலையும் வரும். சரி, அளந்து பார்ப்போம். அரை அலை டைப்போல் என்பது நடுவில் கேபிள் சேரும், அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி. அதன் நீளம், 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் கிடைக்கும். 40 மீட்டர் பேண்டின் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டரும் கொஞ்சமும். 5 சென்ட் சதுர மனையின் பக்கம் 14.2 மீட்டர், மூலைக்கு மூலை 20.1. மனை நீண்டிருந்தால் இந்த மூலைவிட்டம் இன்னும் கூடும். ஆக, 5 சென்ட் வைத்திருப்பவருக்கு 40 மீட்டர் பேண்ட் எட்டாத ஒன்றல்ல.

கயிறு கட்டவும் இடம் வேண்டும் என்பதால் தட்டையாக இழுப்பது சிரமம். அங்கேதான் நடுவை உயர்த்தி இரு கைகளையும் கீழே சாய்த்துக் கட்டும் டைப்போல், அதாவது இன்வெர்ட்டட் வி, கைகொடுக்கிறது. நடுவில் ஒரே ஒரு உயரம் போதும்: 10 மீட்டர் ஜிஐ பைப்போ, முற்றத்துத் தென்னையோ. இரு கைகளும் தலா 10 மீட்டர். நடுக்கோணம் 90 டிகிரி என்றால் இரு முனைகளுக்கும் இடையே 14 மீட்டர்தான் ஆகும், முனைகள் தரையிலிருந்து 3 மீட்டரை ஒட்டி நிற்கும். அதற்குக் கீழே இறக்க வேண்டாம். அனுப்பும்போது முனையில் மின்னழுத்தம் மிக அதிகம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. தட்டை டைப்போலின் 70 ஓமை ஒட்டிய மின்மறுப்பு இப்படிச் சாய்க்கும்போது கேபிளுக்கும் செட்டுக்கும் வேண்டிய 50-ஐ நெருங்கிவிடும். ஆன்டெனாவைச் செட்டுக்குப் பொருத்தும் பெட்டியான ட்யூனர் தேவைப்படாது. 7-க்கு வெட்டியது 21 மெகாஹெர்ட்ஸிலும் ஏறக்குறைய ஒத்துவரும். அதே மையத்தில் 5 மீட்டர் கைகள் இரண்டைக் கூடச் சேர்த்தால் 14-ம் வந்துவிடும்.

10 மீட்டர் உயரம் இந்தப் பேண்டுக்குக் கால் அலைதான். அலையில் பெரும்பகுதி மேலே போய்த் திரும்பி இறங்கும். தூர தேசம் தேடுபவருக்கு இது குறை. மதுரையும் கோவையும் சென்னையும் வேண்டும் என்பவருக்கு இதுதான் வேண்டியது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் நம்ம குமரி மாவட்டத்தை உலுக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதன் பிறகு நான் ஆன்டெனாவைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. கார் பேட்டரியில், ட்யூனர் இல்லாமல், சில நூறு கிலோமீட்டர் தெளிவாகப் பேச வேண்டும். அதற்கு வி-யை மிஞ்ச நான் எதையும் பார்க்கவில்லை.

எண்ட் ஃபெட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நீளம் அதே 20 மீட்டர், ஆனால் கேபிள் ஒரு முனையில் சேரும். அங்கே மின்மறுப்பு 2,500 ஓம் அளவில் இருப்பதால் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஃபெரைட் வளையத்தில் 2 சுற்றுக்கு 14 சுற்று. 7, 14, 21, 28 நான்கும் ஒரே கம்பியில் ஒத்துவரும். வடசேரி, கோட்டாறு பக்கம் நெருக்கடியான மொட்டைமாடி வீட்டுக்காரர் தண்ணீர்த்தொட்டி ஓரத்திலிருந்து எதிர்வீட்டைத் தொடாமல் ஒரு பக்கமாக இழுத்துவிடலாம். ஆனால் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவில் பங்கெடுக்கத் தொடங்கும். தெருவிலுள்ள எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் இரைச்சலையெல்லாம் அது செட்டுக்குக் கொண்டுவரும். கேபிளை ஃபெரைட்டில் பத்துச் சுற்று சுற்றி ஒரு சோக் போடாமல் எண்ட் ஃபெட்டைக் குறை சொல்லாதீர்கள்.

இங்கே எண்ட் ஃபெட்டுக்கு ஒரு பெரிய மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். அதன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், சன்ஷேடுக்குக் கீழே நனையாமல் இருக்கும். வி-யின் மையமோ தென்னை உச்சியில் மழையை வாங்கிக்கொண்டே நிற்கும். போன ஐப்பசியில் நாலு நாள் அடைமழைக்குப் பின் என் வி-யின் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1-ஐ ஒட்டியிருந்தால் நல்லது) 1.3-இலிருந்து 3-ஐத் தாண்டியது. கேபிளை இறக்கி அறுத்துப் பார்த்தேன். பின்னல் பச்சைப் பாசி பிடித்தது போலிருந்தது. தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல உள்ளே பரவி, ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் பளபளப்பான செம்பு தெரிந்தது. அத்தனையையும் வெட்டி எறிந்தேன். இப்போது கேபிள் மையப்பெட்டிக்குள் கீழிருந்து மேலாக நுழைகிறது, அதற்கு முன் ஒரு வளைவு தொங்குகிறது, மூட்டின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றியிருக்கிறது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அவசியம். அவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

9-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ரேண்டம் கம்பியை, அதாவது எந்தப் பேண்டுக்கும் அளந்து வெட்டாத கம்பியை, பலர் சொல்வார்கள். ட்யூனர் இருந்தால் எதிலும் ஓடும், எதிலும் நன்றாக ஓடாது. முதல் ஆன்டெனாவாக வேண்டாம். கோஆக்ஸுக்குப் பதில் ஏணி லைன் (ஏணி போல இணையாக ஓடும் இரட்டைக் கம்பி) நடுவில் சேரும் டப்ளெட் அருமையானது, ஆனால் நல்ல ட்யூனருக்குச் செலவழிக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்தில் இறுக்கிக் கட்டினால் முதல் ஆடிக்காற்றிலேயே கம்பி அறும். முனைக் கயிற்றை ஒரு கப்பியில் விட்டு, மறுபக்கம் மணல் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது பாட்டில் ஏறி இறங்கும், கம்பி தப்பிக்கும். எந்த ஆன்டெனாவானாலும் கரண்டு லைனுக்கு மேலேயோ கீழேயோ கொண்டுபோகக் கூடாது. இடி முழங்கும் நாள்களில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.

என் வீட்டில் இரண்டும் உண்டு: முற்றத்துத் தென்னையில் வி, மாடியில் எண்ட் ஃபெட். ஒன்றுதான் வைக்கலாம் என்றால் வி-யை வைத்துக்கொள்வேன். தேங்காய் வெட்ட ஆள் வரும் காலையில் மட்டும் கயிற்றை அவிழ்த்து அதைத் தரையில் இறக்கிவிடுவேன். அண்ணன் மரத்திலிருந்து இறங்கியதும் அவரே ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்து மறுபடி ஏற்றித் தருவார்.