கிளிமஞ்சாரோ ‘7 நாள்’ பக்கேஜ்: கொழும்பில் காசு கட்ட முன் இரவுகளை எண்ணிப் பாருங்கள்

காசி யாத்திரையும் டுபாய் சுற்றுலாவும் விற்றுக்கொண்டிருந்த கொழும்பு முகவர்களில் சிலர் இப்போது கிளிமஞ்சாரோவையும் விற்கிறார்கள். காலி வீதியில் அப்படி ஒரு அலுவலகத்தில் காசு கட்டி, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தன்சானியாவுக்குப் போன ஒரு குழுவுக்கு நடந்ததை எழுதுகிறோம். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும், அவர்கள் செய்த விதம் தெரிந்தால் எந்த அலுவலகத்திலும் அதைக் கண்டுபிடிக்கலாம்.

விற்றது: “கிளிமஞ்சாரோ 7 நாள், எல்லாம் உள்ளடங்கலாக.” பற்றுச்சீட்டிலும் அவ்வளவுதான். பாதையின் பெயர் இல்லை, மலையில் எத்தனை இரவு என்று இல்லை, அங்கே கூட்டிப்போகும் தன்சானியக் கம்பனி எது என்றும் இல்லை. வாயால் சொன்னது, கூடாரத்தில் தங்கி ஏறும் மச்சாமே பாதை. கேட்டவருக்குக் கிடைத்த பதில், “அண்ணை, ரூட்டைப் பற்றி யோசிக்காதேங்கோ, அங்க எங்கட ஆள் நிக்கிறார்.”

கொடுத்தது: மொஷி நகரில் இறங்கிய இரவு, “மழையால மச்சாமே சரிவராது, மரங்குவில போவம், அங்க கூடாரம் இல்லை, குடில் இருக்கு” என்ற அறிவிப்பு. மரங்கு பாதையில் 5 நாள். வந்து இறங்கிய நாளும் ஹொட்டேலில் கழிந்த நாளும் சேர்ந்துதான் அந்த 7.

இது வெறும் பாதை மாற்றம் என்று பலர் விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டால்தான் விளங்கும். கிளிமஞ்சாரோ தேசியப் பூங்கா வெளிநாட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு நாளுக்கு 70 டொலர் பூங்காப் பேணல் கட்டணம் எடுக்கிறது. கூடாரப் பாதைகளில் ஓர் இரவுக்கு 50 டொலர். மரங்குவில் குடிலுக்கு ஓர் இரவு 60 டொலர். மீட்புக் கட்டணம் ஒரு பயணத்துக்கு 20. எல்லாவற்றின் மேலும் 18% வற் வரி. 7 நாள் 6 இரவு மச்சாமே என்றால் 490, 300, 20 சேர்ந்து 810. வரியோடு ஏறத்தாழ 956 டொலர். 5 நாள் 4 இரவு மரங்கு என்றால் 350, 240, 20 சேர்ந்து 610. வரியோடு ஏறத்தாழ 720. தலைக்கு 236 டொலர் பூங்காக் கட்டணத்தில் மட்டும் மிச்சம். சுமைதூக்கிகளின் 2 நாள் சம்பளமும் சாப்பாடும் அதற்கு மேலே. கட்டணம் மாறக்கூடும் என்பதால் தன்சானியத் தேசியப் பூங்காக்களின் நடப்புக் கட்டணப் பட்டியலை வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். இந்தக் கூட்டல் தெரிந்தவருக்கு “7 நாள் மச்சாமே 1,100 டொலர்” என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடனேயே, மீதி நூற்றுச் சொச்சத்தில் வழிகாட்டி, சமையற்காரர், சுமைதூக்கிகள், சாப்பாடு, வாகனம் எல்லாம் எப்படி அடங்கும் என்ற கேள்வி வரும். அடங்காது. யாரோ ஒருவரின் சம்பளமோ, உங்களுடைய இரவோ வெட்டப்படும்.

வெட்டுப்படும் இரவு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? கிளிமஞ்சாரோவின் உச்சியான உஹுரு 5,895 மீற்றர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியளவு. கயிறு, பனிக்கோடரி வேண்டாத எரிமலை என்பதால் அதைச் சுலபம் என்று விற்கிறார்கள். கால்களுக்கு அது ஓரளவு உண்மைதான். ஆனால் நுரையீரலும் மூளையும் உயரத்துக்குப் பழகுவதற்கு நாள் வேண்டும். உடற்பயிற்சியால் அதைக் குறுக்க முடியாது. மலை மருத்துவத்தில் சொல்லும் பொது விதி: 3,000 மீற்றருக்கு மேலே படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள், 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள்.

5 நாள் மரங்குவில் வாசல் ஏறத்தாழ 1,870 மீற்றர். முதல் இரவு மண்டாரா 2,720. இரண்டாம் இரவு ஹொரொம்போ 3,720. மூன்றாம் மாலை கிபோ 4,720, அன்று நள்ளிரவே உச்சிக்குப் புறப்பாடு. முதல் நாள் 850 மீற்றர், அடுத்த இரண்டு நாளும் 1,000 மீற்றர். உச்சிக்கு முன் 3 இரவு, மூன்றாவதில் நித்திரையும் இல்லை. 7 நாள் மச்சாமேயில் உச்சிக்கு முன் 5 இரவு இருக்கிறது. அதைவிட முக்கியம், மூன்றாம் நாளில் ஏறத்தாழ 4,600 மீற்றரில் உள்ள லாவா டவர் வரை ஏறி, பரங்கோ முகாமில் 4,000க்குக் கீழே இறங்கிப் படுப்பது. உயரத்தில் நடந்து தாழ்வில் தூங்குவதுதான் உடம்பைப் பழக்குகிறது. அடுத்த இரவு கரங்கா ஏறத்தாழ 4,000. ஆகவே இரண்டு இரவு ஒரே உயரம். 6 நாள் மச்சாமே விற்பவர்கள் வெட்டுவது இந்தக் கரங்கா இரவைத்தான். மரங்குவிலும் நல்ல வடிவம் இருக்கிறது: 6 நாள் எடுத்து ஹொரொம்போவில் இரண்டு இரவு தங்குவது. பாதை மாறித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தக் கூடுதல் இரவையாவது கேளுங்கள்.

நம் தீவில் இதற்குப் பழகிக்கொள்ள இடமில்லை. பிதுருதலாகலை 2,524 மீற்றர். மரங்குவின் முதல் குடிலே அதைவிட உயரம். சிவனொளிபாத மலையை நல்லதண்ணியிலிருந்து மூச்சு வாங்காமல் ஏறுகிறவருக்குக் காலும் இதயமும் பலமாக இருக்கும், அவ்வளவுதான். வெள்ளவத்தை மாடிப்படிகளில் பாரப் பையோடு ஏறி இறங்கிப் பழகுவதும் அப்படித்தான். நல்ல உடற்கட்டுள்ள இளைஞரும் வேகமாக ஏறினால் நோய்ப்படலாம்.

இந்தக் குழுவில் ஹொரொம்போவிலேயே பாதிப் பேருக்குத் தலையிடி. கிபோவில் சத்தி. நள்ளிரவில் ஏறத் தொடங்கிய பிறகு ஒருவர் நேர்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறினார், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார். அது மூளை வீக்கத்தின் அடையாளம். குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து நேராகப் பத்து அடி நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். தடுமாறினால் வெளிச்சம் வரட்டும் என்று காத்திராமல் உடனே இறக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரை ஆகியவை நுரையீரலில் நீர் கோர்க்கும் அடையாளங்கள். அதற்கும் இறக்கம்தான் முதல் வைத்தியம். நல்லவேளையாக உதவி வழிகாட்டி ஒருவர் தாமாகவே முடிவெடுத்து அவரை ஹொரொம்போவுக்கு இறக்கினார், அங்கே தெளிந்தார். தலைமை வழிகாட்டியிடம், விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள ஒட்சிசனை அளக்கும் ஒக்சிமீற்றர்கூட இருக்கவில்லை.

“அவசர ஒட்சிசன் உண்டு” என்று விளம்பரத்தில் இருந்தது. மலையில் எடுத்துக் காட்டியது ஸ்பிரே போன்ற ஒரு டின். அதில் 10 லீற்றர் இருந்தாலும், நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் 5 நிமிடத்தில் தீரும். பயன்படக்கூடியது ரெகுலேட்டரும் முகமூடியும் பூட்டிய சிலிண்டர். 400 லீற்றர் வாயு உள்ளது அதே வீதத்தில் 200 நிமிடம் வரும். கிபோவிலிருந்து ஹொரொம்போவுக்கு ஒருவரை இறக்க அந்த நேரம் வேண்டும். ஆகவே “ஒட்சிசன் இருக்கா?” என்று கேட்காதீர்கள். எத்தனை லீற்றர், ரெகுலேட்டர் உண்டா, உச்சி இரவில் அது யாருடைய முதுகில் வரும் என்று கேளுங்கள். கிபோவில் வைத்துவிட்டு ஏறினால் அது இல்லாததற்குச் சமம். ஒக்சிமீற்றரும் அப்படியே: காலை மாலை அளந்து எழுதி வைக்கும் தாள் இருக்க வேண்டும். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் பிழையான இலக்கம் காட்டும் என்பதால், விரலைச் சூடாக்கித் துடைத்துவிட்டு அளக்க வேண்டும்.

வாடகைத் தூக்கப்பையிலும் ஒரு பழைய வித்தை. “மைனஸ் 15 பை” என்றார்கள். பையின் உட்புறச் சீட்டில் மூன்று வெப்பநிலை அச்சடித்திருக்கும்: சுகமாகத் தூங்கக்கூடிய எல்லை, தாங்கக்கூடிய எல்லை, உயிர் தப்பும் எல்லை. மைனஸ் 15 என்பது மூன்றாவது. முதலாவது அதைவிட 15 பாகைக்கும் மேலாக இருக்கலாம். உச்சி முகாமில் இரவு மைனஸ் 10 வரை போகக்கூடும். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண்ணை மட்டும்.

ஏப்ரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அப்போது விடுமுறை, ஆனால் மார்ச் நடுப்பகுதி முதல் மே வரை அங்கே நெடுமழை. கீழ்க் காடு முழுக்கச் சேறு, மேலே அது பனியாக விழும். நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் கடைசி முதல் ஒக்டோபர் வரையும். “புத்தாண்டு விசேட விலை” என்று மழைக்காலத்தை விற்றுவிட்டு, அதே மழையைக் காரணம் காட்டிப் பாதையை மாற்றியதுதான் இந்த வியாபாரத்தின் மையம் என்று நினைக்கிறோம். மழை அங்கே எல்லாப் பாதையிலும் பெய்யும். எது மூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டியது பூங்கா அதிகாரிகள். உண்மையில் மூடியிருந்தால் அந்த அறிவித்தலைக் காட்டச் சொல்லலாம்.

காசு கட்ட முன் எழுத்தில் வாங்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒன்றும் விடுபடக்கூடாது. பாதையின் பெயர். ஒவ்வோர் இரவும் எந்த முகாம், என்ன உயரம் என்ற பட்டியல். ஹொட்டேல் இரவு தனியாக. மலையில் கூட்டிப்போகும் தன்சானியக் கம்பனியின் பெயரும் அதன் ‘டாலா’ (TALA) எனப்படும் தன்சானியச் சுற்றுலா முகவர் உரிமமும். வனவிலங்கு பார்க்கும் சஃபாரிக்கான உரிமம் போதாது, மலையேற்றத்துக்கானது வேண்டும். கொழும்பு அலுவலகச் சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் மலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கம்பனியின் பெயர் தெரிந்தால், கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டத்தின் பங்காளிப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். சுமைதூக்கிகளுக்கு ஒழுங்காகச் சம்பளமும் சாப்பாடும் கொடுக்கிறவர்கள் அந்தப் பட்டியலில் வருவார்கள். இதைத் தயவுசெய்து பாருங்கள். இந்தக் குழுவைச் சுமந்தவர்களுக்கும் பேசிய சம்பளம் வரவில்லை. கடைசி நாளில் டிப்ஸ் கேட்டு அவர்கள் கெஞ்ச, “டிப்ஸும் உள்ளடக்கம்” என்று கொழும்பில் கேட்டு வந்தவர்கள் கையில் காசில்லாமல் நின்றார்கள். டிப்ஸ் எந்தப் பக்கேஜிலும் உள்ளடங்காது என்று வைத்துக்கொண்டு, தனியாக டொலர் கொண்டுபோங்கள். ஒரு சுமைதூக்கியின் பாரம் 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது பூங்கா விதி, வாசலில் நிறுப்பார்கள்.

அந்த வாசலில்தான் உங்களுக்குக் கடைசிச் சந்தர்ப்பம். அனுமதிப் பத்திரத்தில் பாதையும் நாட்களும் இருக்கும். வழிகாட்டியிடம் வாங்கிப் படம் எடுங்கள். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும்போது கம்பனியின் பெயர் எழுதும் இடத்தைப் பாருங்கள். வேறு பெயர் இருந்தால் உங்களைக் கைமாற்றி விற்றிருக்கிறார்கள். நாட்கள் குறைந்திருந்தால் ஏறத் தொடங்க முன் அங்கேயே நின்று கேட்க வேண்டும். ஏறிய பிறகு திருத்துவது மிகவும் கடினம்.

சான்றிதழிலும் கவனம். மரங்குவில் எரிமலை வாயின் விளிம்பைத் தொடும் கில்மன்ஸ் முனை ஏறத்தாழ 5,685 மீற்றர். அங்கே திரும்பினாலும் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் அது உஹுருவுக்கான சான்றிதழ் இல்லை. “98% வெற்றி” என்று சொல்பவரிடம் எந்த முனை வரை, எத்தனை நாள் பாதையில் என்று கேளுங்கள்.

முகவர் தருகிற காப்புறுதியில் 6,000 மீற்றர் வரையான மலைநடையும் அடங்குமா என்று ஒப்பந்தத்திலேயே வாசியுங்கள். மீட்புக் கட்டணம் 20 டொலர் தூக்குப்படுக்கையில் இறக்குவதற்குத்தான், ஹெலிகொப்டருக்கு அல்ல. “இறங்கினதும் வீசா” என்ற பேச்சை நம்பாமல், தன்சானியக் குடிவரவின் இணைய வீசாப் பக்கத்தில் இலங்கைக் கடவுச்சீட்டின் நிலையைப் பயணச்சீட்டு எடுக்க முன் பாருங்கள். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கி மாறுவதானால் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயமொக்ஸ் மாத்திரையை முகவர் பங்கிட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். வழமையான அளவு 125 மில்லிகிராம் காலை மாலை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், சேவை கிடைத்து 3 மாதத்துக்குள். தகவலுக்கு 1977. பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், அனுமதிப் பத்திரத்தின் படம் மூன்றும் சேர வேண்டும். விற்றதும் கொடுத்ததும் வேறு என்பதை அந்த மூன்றும்தான் காட்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியின் கார்டுப் பிரிவில் பணமீட்பு கோரலாம். அதற்குப் பொதுவாக 120 நாள். இந்தக் குழுவில் கார்டில் கட்டியவர்களுக்கு வங்கி வழியாக ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. ஒரு தனியாளின் கணக்குக்குக் காசு போட்டவர்களுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை.