பூனைக்கு இன்சுலின் வாங்குகிறீர்களா? ஊசி மூடியின் நிறத்தைப் பாருங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ள பூனையை வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதும் படியுங்கள். என் பூனை செத்துப் பிழைத்த கதை இது. அதே கடையில் இன்னும் யாராவது வாங்கிக்கொண்டிருக்கலாம் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

குண்டுவுக்கு ஒன்பது வயது. காயடித்த கடுவன், ஏழு கிலோ. லயத்துச் சாக்கடையில் குட்டியாகக் கிடந்தவனை என் மகள் தூக்கி வந்தாள். போன வருடம் குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. பின்னங்கால் குதியைத் தரையில் பதித்து, முயல் மாதிரி நடந்தான். ஈப்போவில் ஒரு மிருக டாக்டரிடம் காட்டினேன். பூனைகளுக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடும் என்பதால் ஒரு தடவை பார்த்த அளவை அவர் நம்பவில்லை. கடந்த சில வாரங்களின் சராசரியைக் காட்டும் பிரக்டோசமின் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்தினார். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 யூனிட் இன்சுலின். பிஸ்கட் தீனியை நிறுத்திவிட்டு மாவுச்சத்து குறைந்த டின் தீனி. ஒரு மாதத்தில் குண்டு மறுபடியும் மதில்மேல் ஏறினான்.

தீபாவளி நெருங்கும் நேரம், மருந்து தீர்ந்தது. காரும் பட்டறையில். ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். டவுனில் செல்லப்பிராணிக் கடை வைத்திருப்பவரிடம் விசாரித்தேன்.

"ஏங்க்கா அவ்ளோ தூரம் அலையிறீங்க? அதே மருந்துதான், எங்கிட்ட பாதி விலை."

பெட்டியில் இருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்தார். லேபிள் இல்லை, காலாவதித் தேதி இல்லை. பெரிய புட்டியில் இருந்து பிரித்து ஊற்றியது என்று அவரே சொன்னார். கூடவே பத்து ஊசி. புட்டி 40 வெள்ளி (ரிங்கிட்). "அங்க போட்ட மாதிரியே 2 கோடு போடுங்க, ஒண்ணும் ஆகாது."

ஈப்போவில் கொடுத்த ஊசிகளுக்குச் சிவப்பு மூடி. இவர் கொடுத்தவற்றுக்கு ஆரஞ்சு மூடி. வித்தியாசத்தைக் கவனித்தேன், கம்பெனி வேறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாய் பூனைக்கென்று வரும் கேனின்சுலின் போன்ற மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். மனிதர்களுக்கான லாந்தஸில் (சில டாக்டர்கள் பூனைக்கும் அதையே எழுதுகிறார்கள்) ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அந்தந்த மருந்துக்கு அந்தந்த ஊசி. 40க்கான ஊசிக்குப் பெரும்பாலும் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு. குண்டுவுக்கு எழுதியிருந்தது 40 மருந்து. அதை 100 ஊசியில் 2 கோடு இழுத்தால் உள்ளே போவது 0.8 யூனிட்தான். நான் வேளை தவறாமல் ஊசி போட்டேன், குண்டுவுக்குக் கிடைத்தது பாதிகூட இல்லை. மாற்றி நடந்திருந்தால், அதாவது 100 மருந்தை 40 ஊசியில் இழுத்திருந்தால், இரண்டரை மடங்கு போயிருக்கும். சர்க்கரை அடியோடு இறங்கி அன்றே வலிப்பு வந்து செத்தும் போயிருக்கலாம்.

இரண்டு வாரத்தில் வாளிக்குத் திரும்பினான். கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "இன்சுலின் அவனுக்குப் பழகிப்போச்சுக்கா, இனிமே வேலை செய்யாது" என்று பாகற்காயும் நாவல் கொட்டையும் கலந்த பொடி ஒன்றை 35 வெள்ளிக்குத் தந்தார். ஊசியை நிறுத்தச் சொன்னார். பொடி கலந்த சாப்பாட்டை குண்டு முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். போன் போட்டுக் கேட்டேன். "சாப்பிடலன்னா நல்லதுதான். ரெண்டு நாள் பட்டினி போடுங்க, சுகர் தானா எறங்கும்."

அவர் சொன்னபடியே செய்தேன். என் அம்மாவும் இனிப்பு நீர்க்காரர், சோற்றைக் குறைத்தால் அவருக்கு அளவு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பேச்சு சரியாகவே பட்டது.

மூன்றாம் நாள் விடியற்காலை குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். மஞ்சளாக வாந்தி. மகள் முகத்தை அவன் வாயருகே கொண்டுபோய், "அம்மா, நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வாசம் வருது" என்றாள். பக்கத்து வீட்டு அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அன்று காலை ஓட்டத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு எங்களை ஈப்போவுக்கு ஏற்றிப்போனார். அந்த உதவியை மறக்கமாட்டேன்.

டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தில் கீட்டோன் பார்த்தார், 5.8 மில்லிமோல். சர்க்கரை 27 மில்லிமோல். இரண்டுமே மிக அதிகம். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் உடம்பின் செல்களுக்குள் போகாது. உடம்பு பட்டினி என்று நினைத்துக் கொழுப்பை உருக்கும். ஈரல் அந்தக் கொழுப்பைக் கீட்டோனாக மாற்றும். அது சேரச்சேர ரத்தம் அமிலமாகும். சாப்பாடும் நின்றால் இன்னும் வேகமாக உருகும், அதோடு ஈரலிலேயே கொழுப்பு படிந்து பூனைக்குத் தனியாக ஓர் ஆபத்து வரும். இனிப்பு நீர்ப் பூனையைப் பட்டினி போடுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. எனக்குச் சொல்லப்பட்டது நேர் எதிர்.

ஐந்து நாள் வைத்திருந்தார்கள். ரத்தக்குழாயில் ஏற்றும் சொட்டு மருந்து, அடிக்கடி அளவு பார்த்து வேகமாக வேலை செய்யும் இன்சுலின், சரிந்துபோன பொட்டாசியத்தை ஏற்ற ஒரு மருந்து, மூக்கு வழியாகக் குழாயில் உணவு. மொத்தம் 2,640 வெள்ளி. மகளின் சங்கிலி அடகுக்கடையில் இருக்கிறது.

நான் கொண்டுபோன பையைக் கொட்டி இரண்டு ஊசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் டாக்டர்தான். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். "ரசீது இருக்கா?" என்றார். இல்லை. ஆனால் போனில் பணம் கட்டிய பதிவும் பட்டினி போடச் சொன்ன அவருடைய குரல் பதிவும் இருக்கின்றன. அதற்கு அவர், "பூனைக்குத்தானேக்கா, இவ்ளோ பெருசு பண்றீங்க" என்றார்.

1974ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் பதிவு பெற்ற மிருக டாக்டர்தான் மிருகத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். கடைக்காரர் டாக்டர் இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். உங்களிடமும் புட்டி, ஊசி, குறுஞ்செய்தி இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

இப்போது வீட்டில் மூத்திரக் கீட்டோன் பட்டை வைத்திருக்கிறேன். குண்டு குந்தும்போது நீளக் கரண்டியைப் பின்னால் நீட்டிப் பிடிக்கிறேன். இரண்டு நாளில் அவனுக்குப் பழகிவிட்டது. பட்டையை நனைத்துச் சரியாக 15 விநாடியில் பார்க்க வேண்டும், ஊதா பக்கம் போனால் உடனே டாக்டர். நம் ஊர் ஈரத்தில் பட்டை கெட்டுவிடும், டப்பாவை இறுக்கி மூடுங்கள். பட்டை ஒரு வகைக் கீட்டோனைத்தான் காட்டும், ரத்தத்தில் பார்ப்பது இன்னும் சரியாக இருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். அதனால் பட்டை சுத்தமாக இருந்தாலும், பூனை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் ஊசி எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேட்டுத்தான் போடுகிறேன். நானாக நிறுத்துவதில்லை, முழுசாகவும் போடுவதில்லை. சர்க்கரை இறங்கித் தள்ளாடினால் ஈறில் தடவ மேசைமேல் தேன் புட்டி இருக்கிறது.

சரியான தீனியும் இன்சுலினும் சீக்கிரமே கிடைத்தால் சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாமல் போகும் என்கிறார்கள். குண்டு இப்போது 1 யூனிட்டுக்கு வந்திருக்கிறான், குறைத்தது டாக்டர். பின்னங்கால் குதி இன்னும் முழுசாக நிமிரவில்லை.

டவுனில் லேபிள் இல்லாத புட்டி வாங்கியவர்கள் இன்று ராத்திரி ஊசிக்கு முன்னால் மூடியைப் பாருங்கள். புட்டியில் என்ன எண் என்றே தெரியாவிட்டால் அதிலிருந்து இழுக்காதீர்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.