மீற்றர் கேபிள் கழன்றால் பழையதா, புதியதா? மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அலசல்

காரைநகரில் ஒரு அந்தியேட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பொன்னாலைத் தாம்போதியில் வைத்து எங்கள் மொறிஸ் மைனரின் ஸ்பீடோமீற்றர் முள் நடுங்கத் தொடங்கியது. 20க்கும் 40க்கும் இடையில் ஆடியது. பிறகு டாஷ் போர்ட்டுக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். வட்டுக்கோட்டை வரும்முன் முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. மீற்றரைச் சுற்றும் கேபிள் கழன்றிருந்தது.

அப்பாவின் கார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய கார். முள் வேலை செய்யாவிட்டால் என்ன, ஓடுகிறதுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது முடியாது. வேகம் மட்டும் என்றால் போகட்டும். மைல் கணக்கைச் சுற்றுவதும் அதே கேபிள்தான். ஒயில் மாற்றும் நாளை அதை வைத்தே பார்க்கிறேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தந்தபோது, எது வரை போய்த் திரும்பலாம் என்று எனக்குச் சொன்னது அந்த மைல் கணக்குத்தான்.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். “கழண்டதைத் திருப்பிப் பூட்டினால் சரி தம்பி, வேறொண்டும் வேண்டாம்” என்றார் கராஜ் அண்ணை. கேபிளுக்குள் சுழலும் உள்வயரை மட்டும் மாற்றச் சொன்னார் இன்னொருவர். உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் முழுக் கேபிளையே எடுத்துவிடு என்றார் கொழும்பிலிருக்கும் மச்சான். மகன் தன் போனில் ஜிபிஎஸ் வேகத்தைக் காட்டினான். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். நான்கும் ஒரே வேலைக்கான நான்கு வழிகள் இல்லை. கேபிள் ஏன் கழன்றது என்பதைப் பொறுத்து ஒன்று சரி, மற்றது பிழை.

முதலில் உள்வயரை உருவிப் பாருங்கள்

கேபிளின் வேலை எளிமையானது. கியர் பொக்ஸின் பின்பக்கத்தில் ஒரு சிறு பற்சக்கரம் உள்வயரைச் சுற்றுகிறது. உள்வயர் என்பது பல இழை உருக்குக் கம்பி. இரண்டு முனையும் சதுரமாக இருக்கும். மேல்முனை மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்துக்கும் முள்ளுக்கும் தொடுப்பே இல்லை. சுழலும் காந்தம் முள்ளோடு சேர்ந்த ஒரு அலுமினியக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும், ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுபறிதான் முள் காட்டும் வேகம். ஒட்டோ ஷுல்ட்ஸ என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை எடுத்த முறை இது.

ஆகவே முள் ஆடுகிறது என்றால், பெரும்பாலும் பழுது மீற்றரில் இல்லை. உள்வயர் எங்கோ சிக்கி, முறுக்கேறி, விடுபட்டு ஓடுகிறது. மீற்றரின் பின்னால் உள்ள நட்டைக் கழற்றி, உள்வயரை மேலே உருவி எடுத்து, ஒரு வெள்ளைத் துணியில் துடையுங்கள். எங்கள் வயர் காய்ந்த கறுப்புப் பிசினோடு வந்தது. வருடக்கணக்கில் யாரும் கிறீஸ் வைக்கவில்லை. வயரைத் தரையில் வைத்து உருட்டினால் தட்டையாக உருள வேண்டும். எங்கள் வயர் ஓரிடத்தில் துள்ளியது. கீழ்முனைச் சதுரம் பாதி தேய்ந்து வட்டமாகியிருந்தது. ‘டிக், டிக்’ சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

உள்வயர் மெல்லிய ஒயிலில் குளித்து வந்தால் அது வேறு நோய். கியர் பொக்ஸ் பக்கத்து ஒயில் சீல் போய்விட்டது. சுழலும் வயர் திருகாணி போல ஒயிலை மேலே ஏற்றும். அது மீற்றருக்குள் போய்க் கண்ணாடியில் மஞ்சள் படியும், முள் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சீலை மாற்றாமல் எந்தக் கேபிளைப் பூட்டினாலும் வீண்.

பழையதைத் திருப்பிப் பூட்டுவது

நட்டு மட்டும் அதிர்ச்சியில் கழன்று, உள்வயர் நல்லபடி இருந்தால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. காசு செலவில்லை, அரை மணித்தியால வேலை. முதல் நாள் நானும் அதைத்தான் செய்தேன், வயரை உருவிப் பார்க்காமலே. ஒரு கிழமை முள் ஒழுங்காக நின்றது. பிறகு மருதனார்மடத்தில் மறுபடி விழுந்தது. தேய்ந்த சதுரத்தை நட்டு இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

பூட்டும்போது பலர் விடும் தவறு கிறீஸில். உள்வயருக்கு மெல்லிய பூச்சாகக் கிறீஸ் வேண்டும், ஆனால் மேற்பாகத்தில் வேண்டாம். முழுவதும் பூசி உள்ளே விட்ட பிறகு, மேல்முனையை எட்டு அங்குலம் அளவுக்கு வெளியே இழுத்து, அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். மிச்சக் கிறீஸ் மீற்றருக்குள் ஏறாது. ஒயில் விடவே கூடாது. முன்பொருமுறை ஒரு கராஜில் சத்தம் போக என்று மேலிருந்து ஒயில் ஊற்றிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் முள் 50இல் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. அந்த மீற்றரைத் திறந்து கழுவ வேண்டி வந்தது.

உள்வயரை மட்டும் மாற்றுவது

என் தேர்வு இதுதான். வெளிக்கூடு நசுங்காமல், வெடிக்காமல் இருந்தால் அதை ஏன் எறிய வேண்டும்? ஒரு முனை சதுரமாக முடித்து, மறுமுனையை அளவுக்கு வெட்டிச் சதுரத் தொப்பி நசுக்கிப் பூட்டும் உள்வயர்கள் கிடைக்கின்றன. கடினம் எல்லாம் அளவில்தான். கீழ்முனை கியர் பொக்ஸில் ஒழுங்காக அமர்ந்த நிலையில், மேலே வெளிக்கூட்டின் வாயிலிருந்து வயர் ஏறக்குறைய முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குலம், வெளியே நிற்க வேண்டும். மில்லிமீற்றரில் 9.5. அதைவிட நீண்டால் நட்டை இறுக்கும்போது வயர் மீற்றரின் தண்டை உள்ளே தள்ளும். மீற்றர் கொஞ்ச நாளில் தேய்ந்து போகும். குறைந்தால் ஓடும்போது சதுரம் நழுவும், பழைய கதை திரும்ப வரும்.

பழைய வயர் இரண்டாக முறிந்திருந்தால் மேல் துண்டை டாஷ் போர்ட் பக்கமாகவும் கீழ் துண்டைக் கியர் பொக்ஸ் பக்கமாகவும் எடுத்து, இரண்டையும் ஒட்டவைத்து அளந்துகொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ உள்வயரை வெட்டிப் போடலாம் என்று சொல்வார்கள். சதுரத்தின் பருமன் ஒன்றாக இருந்தால், வயர் கூட்டுக்குள் தளராமல் ஓடினால் போடலாம். மெலிந்த வயர் கூட்டுக்குள் சாட்டை போல அடித்து முள்ளை ஆட்டும். இன்னொன்று, உள்வயர் ஒரு திசைக்கென முறுக்கப்பட்டது. எதிர்த்திசையில் ஓடினால் இழைகள் பிரியத் தொடங்கும். அதனால் பழைய வயரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, முறுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே வெட்டுங்கள்.

புதிய வயரைத் தொடுக்கும் முன் ஒரு நிமிடம் செலவழியுங்கள். பழைய வயரில் ஒரு சாண் துண்டை வெட்டி மீற்றரின் பின்துளையில் செருகி, விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். முள் சட்டென்று எழும்பி, விட்டதும் பூச்சியத்துக்கு விழ வேண்டும். இறுக்கமாக இருந்தால் மீற்றரைக் கழுவ வேண்டும். இறுகிய மீற்றரில் புதிய வயரைப் பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே முறியலாம்.

முழுக் கேபிள்

வெளிக்கூடு சைலன்சரில் பட்டு உருகியிருந்தாலோ, எங்கேயாவது மடிந்து நசுங்கியிருந்தாலோ, நட்டுகள் துருவோடு ஒன்றாகியிருந்தாலோ யோசிக்க வேண்டாம், முழுதாக மாற்றுங்கள். தீவுப்பகுதியில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். பண்ணைத் தாம்போதியால் தினம் போய்வரும் காரின் அடிப்பாகத்தை உப்பு தின்றுவிடும். அதற்கு உள்வயர் மாற்றுவது இரட்டைச் செலவு.

ஆனால் கடையில் தரும் கேபிள் உங்கள் காருக்கு உரியதா என்று நீளத்தையும் இரு நட்டுகளின் புரியையும் பழையதோடு வைத்துப் பாருங்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கு உரியதை மைனருக்குத் தந்து விடுவார்கள். நீளம் கூடினால் கூட்டை எங்காவது சுருட்டி வைக்க வேண்டி வரும், அது கூடாது. வளைவின் ஆரை ஆறு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. இரு முனைகளிலும் முதல் இரண்டு அங்குலம் நேராக நிற்க வேண்டும். இந்த இரண்டையும் மீறினால் புதிய கேபிளும் ஆடும்.

கையை எங்கே விடுவது?

மேல்முனைக்கு நடு மீற்றர் உள்ள மைனரில் கிளவ் பொக்ஸ் வழிதான் நல்லது. உள்ளே உள்ள அட்டையை எடுத்தால் மீற்றரின் முதுகு தெரியும். நட்டைக் கையால்தான் திருக வேண்டும். குறடு வைத்தால் வரிவெட்டு வழுக்கும், புரியும் போய்விடும். கை பெரிதென்றால் மீற்றரையே சற்று முன்னே இழுத்துப் பூட்டலாம். ஆனால் விளக்கு வயர்களைக் கவனியுங்கள், பற்றறியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கீழ்முனைக்கு இரண்டு வழி. காருக்கு அடியில் படுத்துச் செய்யலாம், அல்லது உள்ளே விரிப்பைத் தூக்கி, கியர் பொக்ஸுக்கு மேலே தரையில் உள்ள மூடியைக் கழற்றலாம். திருகாணிகள் நிறைய, துருப்பிடித்ததும் இருக்கும், ஒரு பின்னேரம் போகும். ஆனாலும் உள்ளிருந்து செய்வதையே சொல்வேன். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் தலையை விடக்கூடாது. நிலத்தில் கட்டையோ ஸ்டாண்டோ வைக்காமல் இதைச் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

போனும் எலக்ட்றோனிக் மீற்றரும்

போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டுவது, கேபிள் வரும்வரை நல்ல துணை. நேர்ச் சாலையில், ஒரே வேகத்தில், பழைய மீற்றரைவிடச் சரியாகக் காட்டும். வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ஒரு நொடி பின்தங்கும். மைல் கணக்கை முன்னே தள்ளாது. ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 என்ற எல்லைகளை அறிய அது போதும். மைல் மீற்றரில் அவை 31உம் 43உம். இரண்டு எண்களையும் மனத்தில் வைத்திருங்கள்.

ஆனால் போனை காரில் சார்ஜ் செய்யும் முன் நில்லுங்கள். இந்தக் கார்கள் வந்தபோது பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடம்போடு எர்த். இன்றைய சார்ஜர் சொக்கற்றை அப்படியே உடம்பில் திருகினால் ஷோர்ட் ஆகும். எலக்ட்றோனிக் மீற்றருக்கும் இதுவே தடை. அதைப் போட வேண்டுமென்றால் முதலில் எர்த்தை மாற்ற வேண்டும், டைனமோவைப் புதிதாகத் துருவப்படுத்த வேண்டும். ஒரு கேபிளுக்காக காரின் மின்சாரத்தையே புரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கியர் பொக்ஸையே மாற்றி வேறு எஞ்சின் போட்டவர்களுக்கு அது பொருந்தும்.

பூட்டிய பிறகு

மைனரில் இருக்கும் ஸ்மித்ஸ் கம்பனி மீற்றர்களின் முகத்தில் அடியில் ஒரு சிறு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அது. வேறு காரின் மீற்றரை மாற்றிப் பூட்டியிருக்கிறார்களா, ரயர் அளவு சரியா என்பதை அந்த எண்ணை வைத்து வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம்.

மேல்முனையைக் கழற்றி, வயரின் நுனியில் ஒரு அட்டைத் துண்டைக் குத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, பின்சில்லு சரியாக ஆறு சுற்றுச் சுற்றும்வரை காரை நேராகத் தள்ளுங்கள். அட்டை எத்தனை சுற்று என்று எண்ணி, அதை 1680ஆல் பெருக்கி, பின்சில்லின் நடுவிலிருந்து நிலம் வரை உள்ள அங்குலத்தால் வகுங்கள். உதாரணமாக, அட்டை 10 சுற்று, சில்லின் நடுவுக்கு உயரம் 11.5 அங்குலம் என்றால் 1461 வரும். மீற்றரின் எண்ணும் அதற்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் பொருத்தம். வெகுதூரம் விலகினால் பழுது கேபிளில் இல்லை.

நான் உள்வயரை மாற்றி, அடுத்த ஞாயிறு காலை காங்கேசன்துறை வீதியில் கிலோமீற்றர் கற்களைப் பார்த்து ஓட்டினேன். பத்துக் கற்களுக்கு 6.2 மைல் ஓட வேண்டும். ஓடியது. 30இல் முள் அசையாமல் நின்றது. பக்கத்தில் இருந்த அம்மா, “கொப்பர் ஓடேக்கையும் இப்பிடித்தான் நிண்டது” என்றார்.