கோகர்ணம் ‘ப்ரைவேட் பீச் கேம்பிங்’ விளம்பரம் பார்த்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெங்களூரிலிருந்து கோகர்ணத்துக்குக் குறைந்த செலவில் கடற்கரை கேம்பிங் என்று இன்ஸ்டாவில் வரும் விளம்பரங்களைப் பார்த்து முன்பணம் கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜனவரி பௌர்ணமிக்கு நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் அப்படிப் போனோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. நடுராத்திரியில் எங்கள் கூடாரத்துக்குள் கடல் வந்தது. எங்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் ஒரு ஆள்கூட அப்போது பக்கத்தில் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போகாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகக் கடலோரத்தில் இருக்கும் கோகர்ணம் ஊரிலிருந்து தெற்கே குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று கடற்கரைகள் வரிசையாக இருக்கின்றன. ஓம் பீச் வரை வண்டி போகும். அதற்கு அப்பால் பாறைச் சரிவில் ஒற்றையடிப் பாதை, இல்லையென்றால் படகு. நடுவில் பெயர் தெரியாத சின்னச் சின்னக் குடாக்கள் உண்டு. இரண்டு பக்கமும் பாறை, பின்னால் செங்குத்தாக ஏறும் காடு, முன்னால் கடல். பகலில் பார்த்தால் அவ்வளவு அழகு. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் அங்கிருந்து வெளியே வர வழியே இல்லை. போன் சிக்னலும் கிடையாது. அப்படி ஒரு குடாவைத்தான் ‘எங்கள் ப்ரைவேட் கோவ்’ என்று விற்றார்கள்.

ஆளுக்கு 1,499 ரூபாய். படகுப் பயணம், கூடாரம், ஸ்லீப்பிங் பேக், இரவு பார்பெக்யூ, காலை டிபன், டாய்லெட், கூடவே இருக்கும் ‘பயிற்சி பெற்ற கேம்ப் லீடர்’ எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். அனுமதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, “எல்லா பர்மிஷனும் இருக்கு சார், நீங்க டென்ஷன் ஆகாதீங்க” என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. பாதிப் பணம் முன்பணம். கிளம்புவதற்குச் சற்று முன்பு, மீதியையும் கட்டினால்தான் இடம் உறுதி என்று நெருக்கினார்கள். இன்ஸ்டா பக்கத்தின் பெயர் ஒன்று, யூபிஐ-யில் வந்த பெயர் வேறொன்று, அதுவும் தனிநபர் பெயர். கேட்டால், “அவர் எங்க அக்கவுண்டன்ட்” என்று பதில். பணம் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸாப்பில் அதற்குப் பிறகு வரும் மெசேஜ்கள் 24 மணி நேரத்தில் தானாக அழியும்படி செட்டிங்கை மாற்றிவிட்டார்கள். எங்கள் தோழி ஒருத்தி அதைக் கவனித்து அப்போதே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாள். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் முக்கிய ஆதாரம் அதுதான்.

ஓம் பீச்சில் போய் இறங்கினால், படகுக்காரருக்கு யாரும் காசு கொடுத்திருக்கவில்லை. தலைக்கு 300 கொடுத்தால்தான் ஏற்றுவேன் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் அந்த ஆட்கள் பழைய பாக்கி வைத்திருந்தார்கள். கேம்ப் லீடர் என்று வந்தவன் இருபது வயதுகூட ஆகாத பையன், அந்த ஊர்க்காரனும் இல்லை. குடாவில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புனேயிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள் சிலரும் அதே இடத்துக்குப் பணம் கட்டி வந்திருந்தார்கள். ‘ப்ரைவேட்’ என்றது அவர்களிடமும்தான்.

கூடாரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிப்புற மழைத்துணி இல்லை. கம்பிகளின் மூட்டு உடைந்து செல்லோடேப் சுற்றியிருந்தது. ஜிப் பாதியில் நின்றது. மணலில் அடிக்க முளைகூட இல்லாமல் நான்கு மூலையிலும் கல்லை வைத்தான். டாய்லெட் என்பது பாறைக்குப் பின்னால் கட்டிய ஒரு தார்ப்பாய். பார்பெக்யூ என்பது ஓம் பீச்சிலிருந்து வந்த ஆறிப்போன ஃப்ரைடு ரைஸ் பொட்டலம். பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, “காலையில படகோட வரேன்” என்று சொல்லி அந்தப் பையன் கடைசிப் படகில் ஏறிப் போய்விட்டான். நாங்கள் கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல் போனான்.

கூடாரம் போட்ட இடம்தான் எல்லாவற்றிலும் மோசம். தண்ணீருக்கு அருகே, வழவழவென்று சமமாக இருந்த மணலில் வரிசையாக நிறுத்தியிருந்தான். போட்டோவுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும். எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் மேட்டில் காய்ந்த கடற்பாசி, பிளாஸ்டிக் பாட்டில், தெர்மாகோல் துண்டு, தேங்காய் மட்டை எல்லாம் குடாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கோடாகக் கிடந்தன. கடல் ஏறி வந்து குப்பையைத் தள்ளிவிட்டுப் போகும் இடம் அந்தக் கோடு. அதற்குக் கீழே படுப்பது கடலுக்குள் படுப்பதுதான். கேம்ப் நடத்துகிறவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது இது.

இரவு பதினொரு மணிக்கு மேல் கூடாரத்தின் அடித்துணி சில்லென்று ஆனது. பனி என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்த அலை உள்ளேயே வந்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்தில் பெண்கள் அலறினார்கள், ஜிப் சிக்கி அவர்களால் வெளியே வர முடியவில்லை. வெளியிலிருந்து துணியைக் கிழித்துத்தான் இழுத்தோம். செருப்பு, ஒரு பை, இரண்டு போன்கள் போயின. இருட்டில் பாறைமேல் ஏறும்போது, அதில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்து என் நண்பனின் உள்ளங்காலில் ஆழமான காயம். துண்டைக் கட்டி இரத்தத்தை நிறுத்தி, விடியும் வரை காட்டோரம் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் பாதை வழியே வந்த வனத்துறை ஊழியர்கள் இருவர், இது காட்டு நிலம், இங்கே இரவு தங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றார்கள். காயத்தைப் பார்த்து எங்களை எதுவும் செய்யாமல் அவர்களே கைத்தாங்கலாக ஓம் பீச் வரை கூட்டி வந்தார்கள். காலுக்குத் தையல் போட வேண்டியிருந்தது. ‘காலையில் படகோடு’ யாரும் வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில், “இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க பொறுப்பில்லை.” இது அப்பட்டமான பொய். புயலும் இல்லை, மழையும் இல்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் மற்ற நாட்களைவிட அதிகமாக ஏறும், சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் இழுப்பதால் வருவது அது. எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்று ஓத அட்டவணையே முன்கூட்டி வெளியாகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கடல் நிலை முன்னறிவிப்பையும் பேரலை எச்சரிக்கையையும் இலவசமாகத் தருகிறது. பௌர்ணமி என்று தினசரிக் காலண்டரிலேயே போட்டிருக்கிறது. ‘ஃபுல் மூன் கேம்ப்’ என்று அந்த நாளை வைத்தே விற்றவர்களுக்குக் கடல் ஏறுவது மட்டும் எதிர்பாராத சீற்றமாகிவிட்டதாம்.

‘1,499 ரூபாய்க்கு வேறென்ன எதிர்பார்த்தாய்’ என்று சிலர் சொன்னார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். விலை குறைவென்றால் சாப்பாடு சுமாராக இருக்கலாம், மெத்தை இல்லாமல் இருக்கலாம். உயிருக்கான பாதுகாப்பைக் கழித்துக்கொண்டு தள்ளுபடி கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் இந்த விலையில்தான் ஊர் சுற்ற முடியும்.

ஆகவே பணம் அனுப்பும் முன் சிலவற்றைக் கேளுங்கள். அலை ஏறி இறங்கும் மணல் அரசு நிலம், அதை ‘எங்கள் ப்ரைவேட் பீச்’ என்று யாராவது விற்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அனுமதிக் கடிதத்தின் நகல் கேளுங்கள், வாய்ஸ் மெசேஜ் அனுமதியாகாது. முகவரி வாங்குங்கள். நாங்கள் இப்போது மாட்டிக்கொண்டு முழிப்பது இங்கேதான், நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு ஒரு விலாசம் இல்லை. ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறதென்று வரும். விளம்பரப் படத்தைக் கூகுள் லென்ஸில் தேடுங்கள். நாங்கள் பிறகு தேடியபோது, அந்தக் குடா என்று அவர்கள் போட்டிருந்த படம் தாய்லாந்தில் எடுத்தது என்று தெரிந்தது. இரவு முழுக்க அவர்கள் ஆள் ஒருவர் கூட இருப்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

செலவைக் குறைக்க இவர்கள் தேவையே இல்லை. பெங்களூரிலிருந்து பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி கோகர்ணா ரோடு ஸ்டேஷனில் நிற்கும். குட்லேயில் எளிமையான அறைகள் கிடைக்கின்றன. காலையில் நடந்து ஹாஃப் மூன், பாரடைஸ் பார்த்துவிட்டு இருட்டும் முன் திரும்பிவிடலாம். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், கடல் கொந்தளிப்பாக இருக்கும், பாறையும் வழுக்கும்.

எங்கள் விஷயத்தில், சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்து, சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் போடலாம், புனே பெண்கள் வரத் தயாராக இருக்கிறார்கள். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பணம் போன ரசீதையும், சாட் இன்னும் அழியாமல் இருந்தால் அதையும் இன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தத் தாய்லாந்து படமும் அதே யூபிஐ பெயரும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.