இன்ஜின் மாற்றிய வண்டியில் டெம்பரேச்சர் முள் தப்பாகக் காட்டினால் எந்தச் சோதனையை நம்பலாம்?

எங்கள் வீட்டு அம்பாசடரில் 1489 சிசி டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு இசுசு 1817 சிசி பெட்ரோல் இன்ஜினை ஏற்றினோம். வண்டி அருமையாக ஓடியது. ஆனால் உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் 50 டிகிரியைத் தாண்டவில்லை. பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. முள் அதிகமாகக் காட்டினால்கூட பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டுவோம். குறைவாகக் காட்டினால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போகும்வரை ஓட்டிக்கொண்டே இருப்போம். அதனால் இதை அப்படியே விட மனம் வரவில்லை.

எலக்ட்ரீஷியன்கள் முதலில் செய்வது ஒயர் சோதனை. சாவியை ஆன் செய்து, இன்ஜின் தண்ணீரின் சூட்டை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கம் விழ வேண்டும். அதே ஒயரை இன்ஜின் பிளாக்கில் தொட்டால் சூடான பக்கம் ஏற வேண்டும். ஏறியதும் ஒயரை எடுத்துவிடுங்கள். அப்படியே வைத்திருந்தால் பழைய பைமெட்டல் மீட்டருக்குள் இருக்கும் சுருள் கருகிவிடும். இரண்டு நிமிட வேலை, பைசா செலவில்லை. ஒயர் அறுந்திருக்கிறதா, மீட்டர் செத்துவிட்டதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

எங்கள் வண்டி இதில் பாஸ் ஆகிவிட்டது. இன்ஜின் மாற்றிய வண்டிக்கு இந்தச் சோதனை போதாது என்று நான் சொல்வது அதனால்தான். இது இரண்டு கோடிகளை மட்டும்தான் பார்க்கிறது: ஓம் எல்லையில்லாமல் இருக்கும் நிலை, ஓம் பூஜ்யமாக இருக்கும் நிலை. ஓம் என்பது மின்தடையின் அளவு; சென்சார் சூடாகச் சூடாக அது குறையும். மீட்டருக்கு வெப்பம் தெரியாது, ஓம் மட்டும்தான் தெரியும். எத்தனை ஓமுக்கு எத்தனை டிகிரி என்பது மீட்டரும் சென்சாரும் ஜோடியாக வரும்போது போட்டுக்கொண்ட கணக்கு. இன்ஜினை மாற்றும்போது அந்த ஜோடிதான் பிரிகிறது. தப்பு நடுவில் இருக்கும். ஒயர் சோதனை அந்தப் பக்கம் போவதே இல்லை.

நடுப்பகுதியைக் காட்டுவது வெந்நீர்ச் சோதனை. சென்சாரைக் கழற்றி, சின்னப் பாத்திரத்தில் அதன் நுனி மட்டும் மூழ்கும்படி தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பில் ஏற்றினேன். மல்டிமீட்டரில் 30 டிகிரிக்கு சுமார் 1,700 ஓம், 80க்கு 320, கொதிக்கும்போது 190க்குக் கொஞ்சம் கீழே. எங்கள் டேஷ்போர்டில் இருப்பது 120 டிகிரி வரை அளவுள்ள வீடிஓ கம்பெனி மீட்டர். அதற்கு 100 டிகிரி என்றால் சுமார் 38 ஓம். 190 ஓம் வந்தால் அது 50 டிகிரி என்றுதான் படிக்கும். விஷயம் அங்கேயே வெளிச்சமாகிவிட்டது. பட்டறையில் கையிலிருந்த எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியின் இரண்டு முனை சென்சாரை மாட்டி, ஒரு முனையை எர்த் செய்திருக்கிறார்கள், அதாவது வண்டியின் உலோக உடம்போடு இணைத்திருக்கிறார்கள். சென்சாரும் பழுதில்லை, மீட்டரும் பழுதில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். (ஊட்டியில் இதைச் செய்பவர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல் செய்ய வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.)

இன்ஃப்ராரெட் துப்பாக்கி வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கழற்றாமல் பார்க்க வசதிதான். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் நேராகப் பிடித்தால் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானபின் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மூடிமேல் கறுப்பு டேப் ஒட்டி அதில் பிடியுங்கள். இன்ஜின் நிஜமாகவே சூடா, முள் மட்டும்தான் தப்பா என்ற கேள்விக்கு இது பதில் சொல்லும். ஏன் தப்பு என்பதற்குச் சொல்லாது.

இன்னொன்று எர்த். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த். இன்ஜினை ஏற்றும் அவசரத்தில் பிளாக்குக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை மாட்ட மறப்பது சகஜம்; சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, பிளாக்கோடு தொடர்பைக் கெடுப்பதும் சகஜம். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் முதலில் இதைப் பாருங்கள். லைட், ஃபேன் எல்லாம் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

சரி, பொருத்தமில்லை என்று தெரிந்தபின் என்ன செய்வது? ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துச் சரிக்கட்டலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 டிகிரியில் 38 ஓம் வர, சென்சாருக்குப் பக்கவாட்டில் (பேரலலாக) 48 ஓம் சேர்க்க வேண்டும். சேர்த்தால் காலையில் குளிர்ந்த இன்ஜினுக்குச் சாவி போட்டதுமே மொத்தம் 47 ஓம் ஆகி முள் 90ஐத் தாண்டி நிற்கும். இது வேண்டவே வேண்டாம். மேல் ஹோஸை வெட்டி, மீட்டருக்கு உரிய சென்சாரை மாட்ட நடுவில் அடாப்டர் வைப்பது சுலபம். ஆனால் இருபுறமும் ரப்பர் என்பதால் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை முள் சரியாகக் காட்டாது, தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் குளிர்ந்ததுபோலக் காட்டும். கேப்பில்லரி குழாய் மீட்டருக்கு (ஒயருக்குப் பதில் ஒரு மெல்லிய குழாய் இன்ஜினிலிருந்து மீட்டர்வரை ஓடும்) மின்சாரமே தேவையில்லை, நம்பகமானது. ஆனால் அந்தக் குழாய் ஒருமுறை மடங்கி உடைந்தால் முழு செட்டும் போச்சு.

நான் தேர்ந்தெடுத்தது மீட்டருக்கு உரிய சென்சாரையே வாங்கி, லேத் பட்டறையில் பித்தளை அடாப்டர் கடைந்து பிளாக்கில் மாட்டுவது. முதல் அடாப்டர் தடிமனாகிவிட்டது. சென்சார் நுனி தண்ணீர் ஓட்டத்துக்கு எட்டாமல் முள் பத்து டிகிரி குறைவாகக் காட்டியது. அடாப்டரை மறுபடி கடைந்து மெலிதாக்கினோம். இப்போது முள் மெல்ல 85 வரை ஏறுகிறது, தெர்மோஸ்டாட் திறந்ததும் லேசாக இறங்குகிறது, அப்புறம் 82ல் நிற்கிறது. கறுப்பு டேப்மேல் துப்பாக்கி பிடித்தாலும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசமில்லை.